ஒரு வாய் குறைந்த தட்டு

ரொட்டியின் ஒரு மூலையைக் கடித்து, மென்றுகொண்டே, கடிபட்ட பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைக்கிறார். தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். பிறகு படிக்கட்டுப் பக்கம் போய்க் குனிந்து, நாலு மாடிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரருக்கு "அண்ணே" என்று ஒரு குரல் கொடுக்கிறார். அந்தக் குரலுக்கு என்ன பொருள் என்று தையல்காரருக்குத் தெரியும். மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் டேப்போடு மூச்சு வாங்க ஏறி வருகிறார்.

"ஒரு கடி கடிங்கண்ணே. காலைல கடை திறக்கிற அவசரத்துல கடிப்பீங்கல்ல, அந்தக் கடி."

"இதுக்கா நாலு மாடி ஏற வெச்ச? ரொட்டியக் கீழ தூக்கிப் போட்டிருந்தா அங்கயே கடிச்சுக் குடுத்திருப்பேனே."

கடிக்கிறார். பாதி ரொட்டி காலி. கேமரா இரண்டு முறை கண் சிமிட்டுகிறது. "பாத்தீங்களா, நான் கடிச்சது யோசிச்சுக் கடிச்சது. நீங்க கடிச்சது பசிச்சுக் கடிச்சது" என்கிறார். மீதி ரொட்டியைத் தின்றுகொண்டே தையல்காரர் படி இறங்குகிறார். இந்த அறையில் படத்துக்கென்று வந்த எதுவும் குப்பைக்குப் போவதில்லை.

படம் எடுத்த பெண்ணுக்கு வயது நாற்பத்து நாலு. சாப்பாட்டைப் படம் எடுப்பது தொழில். உணவகங்களின் விலைப்பட்டியலுக்கு, சமையல் புத்தகங்களுக்கு, பத்திரிகைகளின் வார இணைப்புகளுக்கு எடுக்கிறார். தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'ஒருவாய்' என்று பெயர். எந்தத் தட்டு முன்னால் வந்தாலும் அதிலிருந்து ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் கேமராவைத் தொடுவார். அதனால் அவர் எடுத்த படம் எதிலும் தட்டு முழுசாக இருக்காது. அப்பத்தில் ஒரு கீற்று குறையும், சூப்புக் கிண்ணத்தின் விளிம்பில் கரண்டி போய் வந்த தடம் இருக்கும். மூன்று மணி நேரம் அடுக்கி வைத்ததை மூன்று வினாடியில் கலைத்துவிட்டாரே என்று சமையல்காரர்கள் சிலர் பல்லைக் கடிப்பார்கள். "கலைக்கலண்ணே, ஆரம்பிச்சு வெச்சேன்" என்பார். உணவக முதலாளி ஒருவர், "எச்சில் பண்ணிட்டீங்களேம்மா" என்று முகம் சுளித்தபோது கிடைத்த பதில் இன்னும் சூடு. "சாப்பாடு வேற எதுக்கு சார் இருக்கு?"

கடிகளைப் பற்றி அவரிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரின் கடி, கோணலாக, ஓரத்தில் பிய்ந்திருக்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரின் கடி சின்னது. கடித்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார்கள். குழந்தை நடுவில் கடிக்கும், ஓரத்தைத் தீண்டாது. மற்றவர் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுகிறவர் கையால் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோவார். ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் ஒரு படம், பக்கத்தில் இரண்டு வரி. துப்பறியும் அதிகாரியின் வீட்டில் இருக்க வேண்டிய நோட்டு இது என்பார் கணவர்.

அந்தக் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியின் அறை இருக்கும் கட்டிடத்து லிஃப்ட் ஆறு வருடமாக இரண்டாவது மாடியில் நின்றுபோய் இருக்கிறது. அது வேறு கம்பெனியுடையது, கைவைக்க அவருக்கு அனுமதியில்லை. கேலி செய்கிறவர்களிடம், "டாக்டர் பொண்டாட்டிக்குக் காய்ச்சலே வரக்கூடாதா?" என்று கேட்பார். தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும், ஆரஞ்சு உரிக்கும், முட்டை உடைக்கும் ஆண் கை ஒருவாயின் படத்தில் வந்தால், அது பெரும்பாலும் அவர் கைதான். மணிக்கட்டில் இரும்புக் கயிறு கிழித்த தழும்பு காட்டிக் கொடுத்துவிடும். "ஆயிரம் பேரு என் கையப் பாத்திருக்கான், மூஞ்சிய ஒருத்தனும் பாக்கல. எங்க வீட்ல சோறு முதல்ல கேமராவுக்கு, அப்புறம்தான் வயித்துக்கு." சொல்லும்போது குரலில் இருப்பது குறையா பெருமையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அறை என்று சொல்வதைவிட ஒரு ஜன்னலும் அதைச் சுற்றி நாலு சுவரும் என்று சொல்லலாம். ஜன்னல் ஆள் உயரம். எதிர்க் கட்டிடத்தின் நிழல் விலகி வெளிச்சம் உள்ளே வருவது காலை பத்தே முக்காலுக்கு. பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பிப் போய்விடும். அந்த இரண்டு மணி நேரம்தான் அவருடைய வேலை நாள். கண்ணாடியில் தையல்காரர் வெட்டித் தந்த மெல்லிய வெள்ளைத் துணி. நிழலைத் தூக்கிவிட ஒரு தெர்மாகோல் அட்டை, வெளிச்சத்தை அமுக்க ஒரு கறுப்புச் சார்ட். சுவரில் சாய்த்து வைத்த பலகைகள்: இடிந்த வீட்டுக் கதவு ஒன்று, யாரோ பெயரைச் செதுக்கிய பள்ளிக்கூட பெஞ்சு ஒன்று, துருவேறிய தகரம் ஒன்று. படத்தில் மேசையாக வருவதெல்லாம் இவைதான்.

ஒரு பத்திரிகைக்காரர் அவரிடம், படங்களுக்கான உந்துதல் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டார். மலை, கடல், மழை என்று ஏதாவது எழுதிக்கொள்ளப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். "பசியிலருந்து" என்றார் ஒருவாய். கேட்டவர் அது விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துவிட்டார். விளையாட்டல்ல. காலையில் கேமராவை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறவர், பேருந்து இஞ்சின் மூடியின் சூட்டில் ஓட்டுநர் வைத்திருக்கும் சாப்பாட்டு டப்பாவைப் படம் எடுப்பார். காவலாளியின் காலி நாற்காலியையும் அதன் கைமேல் சுருண்டு கிடக்கும் ஆரஞ்சுத் தோலையும் எடுப்பார். தாதி ஒருவர் வார்டுப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுப் போன பாதித் தேநீர், அவருடைய படங்களிலேயே அதிகம் பேர் சுவரில் மாட்டிய படம். தாதியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அந்தப் படத்தில். பார்த்தவர்கள் நின்றுவிடுவார்கள். நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவின் பெரிய ஓவியர்கள் செல்வந்தர் வீட்டு மேசைகளை வரைந்தார்கள். பாதி உரித்த எலுமிச்சை, பளபளக்கும் மீன், கவிழ்ந்த கிண்ணம் என்று அத்தனையும் கச்சிதம். அந்த மீனைக் கழுவிய கையை வரையத்தான் அவர்களில் அநேகருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒருவாயின் படங்களுக்குக் கீழே எப்போதும் இரண்டு பெயர் அச்சாக வேண்டும்: எடுத்தவர், சமைத்தவர். இரண்டாவது பெயருக்கு இடமில்லை என்ற ஒரு பத்திரிகையிடம், "அப்ப என் பேர எடுத்துட்டு அத வைங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த இரண்டாவது பெயருக்கு உரியவரை எல்லாரும் மாடிப்படியக்கா என்பார்கள். ஐம்பதைத் தொட்டவர். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை மூன்று கட்டிடங்களின் மாடிப்படிகளைக் கூட்டித் துடைக்கிறார். ஒரு கையில் வாளி, மறு கையில் துடைப்பம். கைப்பிடிக் கம்பியைத் தினமும் பளிச்சென்று துடைக்கிறவர், அதைப் பிடித்துக்கொண்டு ஏறியதில்லை. பிடிக்கக் கை ஏது? பத்து மணிக்கு வாளியை நாலாவது மாடிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே வந்தால் அவர் சமையல்காரர். எந்த இலை எந்தப் பக்கம் சாய வேண்டும், சாறு எங்கே வழிந்தால் பசிக்கும் என்பதில் அவர் சொல்தான் தீர்ப்பு.

போன மாதம் ஒரு பெரிய வேலை வந்தது. கார்ன்ஃப்ளேக்ஸ் செய்யும் நிறுவனம் ஒன்று, தன் டப்பாக்களில் அச்சிட ஒரு படம் கேட்டது. ஒரு கிண்ணம், பால், செதில்கள். பிடித்துவிட்டால் வருடம் முழுவதும் அவர்களுடைய படங்கள் எல்லாம் இந்த அறைக்கு வரும். ஒருவாய்க்கு அதில் ஒரே ஒரு கணக்கு: வருடம் முழுவதும் வேலை இருந்தால் மாடிப்படியக்கா காலையில் படி கூட்டப் போக வேண்டாம். முட்டி தேய்ந்துவிட்டது, இன்னும் ஒரு மழைக்காலம் அந்த ஈரப் படிகளில் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. பாலுக்குப் பதிலாக வெள்ளைப் பசை ஊற்ற வேண்டும். தச்சர்கள் மரம் ஒட்டுகிற அதே பசை. பாலில் செதில் ஒரு நிமிடத்துக்குள் ஊறி அமிழ்ந்துவிடும். பசையில் நாள் முழுக்க மிதக்கும். தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இந்த அறையில் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்பதற்கு இருபது வருடம் பின்னால் போக வேண்டும். 

அப்போது ஒருவாய்க்கு இருபத்து நாலு வயது. பெரிய விளம்பர ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளர். அங்கே மசித்த உருளைக்கிழங்கு ஐஸ்கிரீமாக நடிக்கும். இஞ்சின் ஆயில் தேனாக ஒழுகும். ஒருநாள் ஒரு முழுக்கோழி வந்தது. உள்ளே பச்சை, தோலை மட்டும் நெருப்பில் வாட்டி, பழுப்புச் சாயம் பூசி, பளபளப்புக்கு வார்னிஷ் தடவியிருந்தார்கள். படம் அருமையாக வந்தது. வேலை முடிந்து எல்லாரும் கலையும்போது, அந்த ஸ்டூடியோவின் படிகளைத் துடைக்கும் பெண் வந்து, "இதக் கொட்டத்தான போறீங்க?" என்று கேட்டார். லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த உதவியாளர் தலை நிமிராமல், "ஆமா" என்றார். அன்று அந்தப் பெண்ணின் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள்.

அந்தக் கோழியைத் தின்ற குழந்தை பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்தது. முதலாளி, "யாரு அவள எடுக்கச் சொன்னது?" என்று திருட்டுப் பட்டம் கட்டித் தாயை வேலையிலிருந்து நீக்கினார். அக்கம்பக்கத்தார் விதி என்றார்கள், போன பிறவிப் பாவம் என்றார்கள், பெயர் ராசியில்லை என்றார்கள். விதிக்கு எப்போதிலிருந்து வார்னிஷ் வாடை அடிக்கிறது? சாப்பிட முடியாத ஒன்றைச் சாப்பாடு போலச் செய்து, அதைப் பசித்தவர் கண்ணெதிரே வைத்து, அவரும் சாப்பிடுகிற ஒரு பிறவி என்பதை மறந்துபோன ஓர் அறைக்கு, விதி என்பது எவ்வளவு வசதியான சொல்! தப்புச் செய்தவன் கையைக் கழுவிக்கொள்ள ஊரே தண்ணீர் ஊற்றுகிறது.

உதவியாளர் முதலாளியிடம் போய், நான்தான் ஆமாம் என்றேன் என்று சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாயிடமும் அதையே சொன்னார். அந்தத் தாய், "என் மூஞ்சியப் பாத்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றார். அவர்தான் மாடிப்படியக்கா.

நாலு வருடம் கழித்து இந்த ஜன்னல் வாடகைக்குக் கிடைத்தபோது, ஒருவாய் முதலில் தேடிப் போனது அவரைத்தான். நீங்கள் சமையுங்கள், நான் எடுக்கிறேன் என்றார். அக்கா, "முதல் வாய் நீ சாப்பிடணும். எது செஞ்சாலும். அப்பத்தான் வருவேன்" என்றார். ஊர் கிறுக்கு என்று நினைக்கும் பழக்கத்தின் வேர் இந்த ஒப்பந்தம்தான். பதினாறு வருடமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை.

தவறாத இன்னொன்றும் உண்டு. மகளுக்கு இப்போது இருபத்தேழு வயது. இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறாள். மதியம் அம்மாவோடு சாப்பிட மாடிக்கு வருவாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத்தான் திறப்பாள். ஜன்னலோர மேசையில் இருக்கும் எதையும் தொட்டதில்லை. மினுங்கும் பண்டம் எதைக் கண்டாலும் சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்: "அம்மா, இது சாப்பிடுறதா, பாக்குறதா?" சாப்பிடுவதுதான் என்று அம்மா எத்தனை முறை சொன்னாலும், "சரி, பாக்குறேன்" என்று நகர்ந்துவிடுவாள்.

இனி அந்தப் புதன்கிழமை. விளம்பர நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பயந்தவர். கையில் இரண்டு டப்பா கார்ன்ஃப்ளேக்ஸ், ஒரு பாட்டில் பசை. காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு முதல் படத்தை எடுத்துவிட வேண்டும், நிறுவனத்து முதலாளிக்கு ஒன்பதுதான் ராசி என்றார்.

"ஒன்பது ஒன்பதுக்கு என் மேசைமேல எதிர்க் கட்டிடத்து நிழல் இருக்கும் தம்பி. உங்க முதலாளி ராசி அத நகர்த்துமா?"

நகர்த்தாது என்று அவர் ஒப்புக்கொண்டார். பத்தே முக்காலுக்கு நிழல் தானாக நகர்ந்தது. பாலில் எடுத்துக் காட்டுகிறேன், வெளிச்சம் போவதற்குள் முடியாவிட்டால் பசையை ஊற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருவாய் பேசியிருந்தார். அந்தக் கடைசிப் பகுதியைச் சொன்னபோது அவர் அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

பால் விழுந்த கணத்திலிருந்து செதில் மொறுமொறுப்பாக நிற்பது நாற்பது வினாடி. அக்கா கிண்ணத்தில் செதிலைக் குவித்து, பாலை ஓரமாக ஊற்றி, கையை இழுத்துக்கொள்வார். ஒருவாய் ஒரு கரண்டி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, கேமராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினைந்து வினாடி போய்விடும். மிச்சம் இருபத்தைந்து. முதல் கிண்ணத்தில் செதில் சரிந்தது. இரண்டாவதில் பால் தெறித்தது. மூன்றாவது நன்றாகத்தான் வந்தது. ஆனால் பார்த்தால் பசிக்கவில்லை, கடைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி இருந்தது என்று அக்கா தள்ளிவிட்டார். யாராவது சாப்பிட வேண்டும், அதை எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்பது விதி. ஆகவே தையல்காரர் வந்தார். அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். கட்டிடத்துக் காவலாளி ஒரு கிண்ணம் சாப்பிட்டு, சர்க்கரை கொஞ்சம் போட்டிருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். பக்கத்துத் தெருவில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த கணவர், கூப்பிட்டதும் வந்து தழும்புக் கையை நீட்டினார். "நல்லவேள, இன்னிக்காவது ஆறிப்போகாத சாப்பாடு. ஆனா இது ஆரம்பத்துலயே ஆறித்தான் இருக்கு." விளம்பரக்காரரும் மூன்று கிண்ணம் உள்ளே தள்ளியிருந்தார். எட்டு, ஒன்பது, பத்து என்று போயிற்று. ஒன்பதாவது கிண்ணம் ராசிப்படி பிரமாதமாக வந்திருக்க வேண்டும். அதில் ஓர் ஈ விழுந்தது.

பன்னிரண்டாவது கிண்ணத்தில்தான் ஒருவாய்க்குத் தன் தவறு புரிந்தது. எல்லார் வயிறும் நிரம்பிவிட்டது. தையல்காரர் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோன விதம், மருந்து குடிக்கிறவரின் விதம். கடிகளைப் பற்றி நோட்டு நிறைய எழுதி வைத்தவர், பசி கிண்ணத்துக்குக் கிண்ணம் குறைந்துகொண்டே போகும் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார். பாலை வாங்கி வரலாம். பசியை எந்தக் கடையில் போய் வாங்குவது?

மணி பன்னிரண்டரை. டப்பாவில் இனி ஒரே ஒரு கிண்ணத்துக்குத்தான் செதில். விளம்பரக்காரர் பசைப் பாட்டிலை மேசை நடுவில் வைத்தார்.

அக்காதான் பேசினார். "ஊத்தும்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஒரு நாள்தானே."

பசை வேண்டாம் என்ற விதி யாருக்காக உண்டானதோ, அவரே அதை எடுத்துவிடச் சொல்கிறார். எடுத்தால் அவர் முட்டி பிழைக்கும். ஒருவாய் பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடியைப் பிடித்தார். விரல்கள் திருகின. மூடி காய்ந்து இறுகிப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திறந்துவிடும்.

அப்போது மகள் உள்ளே வந்தாள். அன்று கடையில் கூட்டம். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, அவசரத்தில் டப்பாவையும் வீட்டிலேயே விட்டுவிட்டாள். மேசைமேல் தயாராக இருந்த கிண்ணத்தையும், சுற்றி நின்றவர்களையும் பார்த்தாள். வழக்கம்போலக் கேட்டாள்.

"அம்மா, இது சாப்பிடுறதா, பாக்குறதா?"

அக்காவின் பார்வை பசைப் பாட்டிலின் மேல் போயிற்று. ஒருவாய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை விளம்பரக்காரரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, பால ஊத்துங்க."

பால் விழுந்தது. ஒருவாய் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டு மென்றார். மொறுமொறு என்று அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பசை அப்படிச் சத்தம் போடாது. மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒருவாய் இன்னொரு கரண்டியை எடுத்து, காம்புப் பக்கம் அவளை நோக்கி வைத்தார். கேமராவிடம் போனார். பதினைந்து வினாடி. இருபது. காவலாளி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதாவது வினாடியில் மகள் கரண்டியை எடுத்தாள். கொஞ்சமாக அள்ளினாள். வாயில் வைத்து, மெல்லாமல் ஒரு கணம் நின்றாள். மென்றாள். அதன் பிறகு கரண்டி நிற்கவில்லை. படம் எடுக்கிறார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து பட்டினி கிடந்த ஒரு மனுஷி எப்படிச் சாப்பிடுவாளோ அப்படிச் சாப்பிட்டாள். கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பாலைக் குடித்தாள். கேமரா சிமிட்டிக்கொண்டே இருந்தது. அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கழுவிய கிண்ணங்களையே மறுபடி கழுவினார். கணவர் மட்டும், "அப்பாடா, இனிமே எனக்கு ஊட்ட மாட்டீங்கல்ல?" என்றார். எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள்.

விளம்பரக்காரருக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. அது பதின்மூன்றாவது கிண்ணம். முதலாளிக்குப் பதின்மூன்று என்றால் ஆகாது. படத்துக்கு ஒன்பது என்று எண் போட்டு அனுப்பட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "எண்ண என்ன வேணா வெச்சுக்கங்க தம்பி. கிண்ணத்துல இருக்கிறத மட்டும் மாத்தாதீங்க." போகும்போது அவர் பசைப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் மூடி திறக்கப்படவே இல்லை.

எட்டு நாள் பதில் வரவில்லை. ஒன்பதாவது நாள் வந்தது. முதலாளிக்குப் படத்தில் மட்டில்லா மகிழ்ச்சியாம். முழுக் கிண்ணம் வேண்டும் என்று அடம்பிடித்தவர், பாதி காலியான கிண்ணத்தையும் அதன் பின்னால் மங்கலாகத் தெரியும் ஒரு பெண்ணின் கன்னத்தையும் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு நிஜமாவே சாப்பிடுது" என்றாராம். கன்னத்துக்கு உரியவள் தன் முகம் டப்பாவில் வரச் சம்மதமா என்று ஒருவாய் கேட்டபோது, அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "இத இனிமே பாக்கலாம். நான்தான் சாப்பிட்டுட்டேனே" என்றாள்.

மாடிப்படியக்கா இனிமேல் வரமாட்டேன் என்று மூன்று கட்டிடத்துக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். படிகள் அழுக்காகவே கிடந்துவிடாது. இன்னொரு பெண் வருவாள், இன்னொரு முட்டி தேயும். அதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஒருவாயும் அதைப் பேசுகிறார். லிஃப்டைப் பழுது பாருங்கள், படிக்கு நீளத் துடைப்பமாவது வாங்கிக் கொடுங்கள் என்று கட்டிடத்துக்காரருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுகிறார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு கணவருடைய கம்பெனிக்கு லிஃப்டைப் பற்றி விசாரித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை. பத்து மணிக்கு ஒருவாய் படிக்கட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தார். கழுத்தில் கேமரா இருந்தது, தொடவில்லை. கீழே மாடிப்படியக்கா ஏறி வந்துகொண்டிருந்தார். வாளி இல்லை, துடைப்பம் இல்லை. ஆனாலும் இரண்டு கைகளும் எதையோ தூக்கி வருவது போலவே விறைத்து, உடம்பை விட்டுத் தள்ளியிருந்தன. முதல் மாடித் திருப்பத்தில் நின்றார். வெறும் கைகளைக் குனிந்து பார்த்தார். வலது கையை எடுத்து மெதுவாகக் கைப்பிடிக் கம்பியின் மேல் வைத்தார். உடனே எடுத்து, விரல் நுனியைத் திருப்பித் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் கம்பியில் கை வைத்து, இந்த முறை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறத் தொடங்கினார்.